புதுத் தொலைநோக்கியின் பிணக்குகளும் அவற்றைத் தீர்க்கும் வகையும்

தொலைநோக்கி ஒன்றை ஆசையோடு வாங்கி வந்தவர், அன்றிரவே அதை மொட்டை மாடிக்குத் தூக்கிச் சென்று, பெட்டியின்மேல் வர்ணத்தில் அச்சிட்டிருந்த சனிக் கிரகத்தைத் தேடத் தொடங்கி, ஒரு மணி நேரம் கழுத்து நோகக் குனிந்தும் இருட்டையும் மங்கலான ஒரு சாம்பல் வட்டத்தையும் தவிர வேறெதையும் காணாமல் இறங்கி வருவது சர்வசாதாரணமாக நிகழ்கிற காரியம். மறுநாள் காலையில் கருவி பழுதுள்ளது என்றோ, இந்த வித்தை நமக்குக் கைவராது என்றோ அவர் ஒரு தீர்மானத்துக்கு வந்திருப்பார். இரண்டு தீர்மானமும் பெரும்பாலும் பிழையானவை. கருவியில் குற்றமில்லை, அதைக் கொண்டவரிடத்திலும் குற்றமில்லை, பகலில் செய்து முடித்திருக்க வேண்டிய சில வேலைகள் இரவுக்கு ஒத்திவைக்கப்பட்டன என்பதே உண்மை.

இந்த அத்தியாயத்தில் நான் வற்புறுத்த விரும்புவது, சந்தேகத்துக்கும் ஒரு வரிசை உண்டு என்பதைத்தான். பிம்பம் தெரியவில்லை, அல்லது தெளியவில்லை என்றால், முதலில் மூடியையும், பிறகு ஃபைண்டரையும், அதன்பின் கண்ணருகு வில்லை, குவியம், காற்று, தாங்கி ஆகியவற்றையும் முறையாகச் சந்தேகித்து, இவை யாவும் குற்றமற்றவை என்று நிச்சயப்பட்ட பிறகே ஆடிகளின்மேல் கைவைக்க வேண்டும். புதியவர் செய்வதோ இதற்கு நேர் மாறானது. குழாயின் அடியில் மூன்று ஜோடித் திருகாணிகள் இருப்பதைக் கண்டவுடன், அவற்றைத் திருகுவதற்காகவே கொடுத்திருக்கிறார்கள் என்று எண்ணி, தொழிற்சாலையிலிருந்து ஏறக்குறைய ஒழுங்காக வந்த ஆடியை முதல் நாளே கோணலாக்கிவிடுகிறார்.

உதாரணத்துக்கு, முதல் தொலைநோக்கியாகப் பலரும் வாங்குகிற 114 மி.மீ. ஆடியும் 900 மி.மீ. குவியத் தூரமும் உடைய நியூட்டன் வகைக் கருவியை எடுத்துக்கொள்கிறேன். ஐசக் நியூட்டன் 1668-ஆம் ஆண்டில் தம் கையாலேயே செய்த முதல் கருவி ஒரு சாண் நீளங்கூட இல்லாதது; அதன் ஆடியும் உலோகத்தால் ஆனது; ஆயினும் அதன் அமைப்பு இன்றுவரை மாறவில்லை. குழாயின் அடியில் ஒரு குழியாடி. அது திருப்பி அனுப்பும் ஒளியை வாயருகே 45 டிகிரி சாய்வில் நிற்கும் சிறு சமதள ஆடி வாங்கிப் பக்கவாட்டில் வெளியே தள்ளுகிறது. அங்கே நாம் கண்ணை வைக்கிறோம். இந்த இரண்டு ஆடிகளும் கண்ணருகு வில்லையும் ஒன்றையொன்று நேராகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான் பின்னால் நாம் பேசப்போகும் சீரமைப்பின் முழுத் தத்துவமும்.

மூடியில் தொடங்குவோம். குழாயின் வாயை அடைக்கும் பெரிய பிளாஸ்டிக் மூடியின் நடுவிலோ ஓரத்திலோ ஒரு சிறு மூடி பொருத்தியிருப்பார்கள். அது பூரணச் சந்திரனின் கூச்சத்தைக் குறைப்பதற்காக ஏற்பட்டது. அந்தச் சிறு மூடியை மட்டும் எடுத்துவிட்டுப் பெரியதை அப்படியே விட்டு, நட்சத்திரம் ஒன்றுமே தெரியவில்லை என்று நொந்துகொள்பவர்கள் அநேகர். பெரிய மூடியே முழுவதும் கழற்றப்பட வேண்டும். இது சொல்லவும் வேண்டுமா என்று நகைக்கிற வாசகர், இருட்டில் அவசரத்தில் இருக்கும் மனிதனுடைய புத்தி எவ்வளவு தூரம் வேலை செய்யும் என்பதை இன்னும் கண்டதில்லை.

அடுத்தது ஃபைண்டர். பெரிய குழாயின் முதுகில் ஏறியிருக்கும் அந்தச் சின்னக் குழாயையோ, சிவப்புப் புள்ளி காட்டும் சாதனத்தையோ விளையாட்டுப் பொருளாக நினைத்துப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். பெரிய குழாய் 10 மி.மீ. வில்லையுடன் காட்டும் ஆகாயத்தின் அகலம் சுமார் அரை டிகிரி. அதாவது முழுச் சந்திரனைக் காட்டிலும் சற்றே பெரிய ஒரு வட்டம். அவ்வளவு சிறிய சாளரத்தைக் கையால் ஆட்டி ஆட்டி ஆகாயம் முழுவதும் ஒரு கிரகத்தைத் தேடுவது அதிருஷ்டத்தை நம்பும் வேலை. ஃபைண்டரோ பல டிகிரி அகலத்தை ஒரே பார்வையில் காட்டும். ஆனால் இரண்டு குழாய்களும் ஒரே திசையை நோக்கினாலன்றி அதனால் பயன் இல்லை. பெட்டியிலிருந்து எடுத்த மாத்திரத்தில் அவை ஒருபோதும் ஒரே திசையை நோக்குவதில்லை.

இவ்விரண்டையும் பகல் வெளிச்சத்தில்தான் இசைவிக்க வேண்டும். அரை கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தில் அசையாமல் நிற்கும் ஒரு பொருளை, ஊர்க் குடிநீர்த் தொட்டியின் விளிம்பு, கோபுரத்தின் கலசம், செல்போன் கோபுரத்தின் உச்சி என ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். 25 மி.மீ. வில்லையைப் போட்டு, பெரிய குழாயில் அந்தப் பொருளை நட்டநடுவில் கொண்டுவந்து, தாங்கியின் பூட்டுத் திருகுகளை இறுக்கிவிட்டு, பிறகு ஃபைண்டரில் பார்த்து, அதைப் பிடித்திருக்கும் சிறு திருகாணிகளைத் தளர்த்தியும் இறுக்கியும், குறுக்குக் கம்பி அதே பொருளின்மேல் விழும்படி செய்யுங்கள். இறுக்கும்போது பெரிய குழாய் நகர்ந்துவிட்டதா என்று மறுபடியும் பாருங்கள், நகர்ந்திருக்கும். மீண்டும் செய்யுங்கள். பிறகு 10 மி.மீ. வில்லைக்கு மாறி இன்னொரு முறை சரிபார்த்தால் அன்றிரவு சந்திரனும் குருவும் தேடாமலே அகப்படும். பொருள் தலைகீழாகத் தெரிகிறதே என்று கலங்க வேண்டாம். நியூட்டன் கருவியின் இயல்பு அது. ஆகாயத்தில் மேலேது கீழேது என்ற வழக்கு இல்லாமையால் அதைத் திருத்த யாரும் முற்படவில்லை.

பகலில் செய்யும் வேலை என்றதால் ஓர் எச்சரிக்கையை இங்கேயே சொல்லிவிட வேண்டும். சூரியன் இருக்கும் திசைப்பக்கம் குழாயைத் திருப்பவே கூடாது. ஃபைண்டரும் ஒரு தொலைநோக்கியே ஆகையால் அதற்கும் இது பொருந்தும். குவிந்த சூரிய ஒளி கண்ணின் விழித்திரையைக் கணத்தில் சுட்டுவிடும். அந்தச் சூட்டில் வலி தெரிவதில்லை என்பதே அதன் கொடுமை. சில மலிவான கருவிகளோடு கண்ணருகு வில்லையில் திருகிக்கொள்ளும்படி ஒரு கறுப்புச் சூரியக் கண்ணாடியைக் கொடுக்கிறார்கள். குவிந்த வெப்பத்தில் அது வெடித்துப் பிளக்கக் கூடியது. அதைக் குப்பையில் போடுவதே அதற்குரிய உபயோகம். கருவியை வெயிலில் வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள். வீட்டுக் குழந்தைகள் உங்களைக் காட்டிலும் ஆவலுள்ளவர்கள்.

இனிக் கண்ணருகு வில்லைகள். உருப்பெருக்கத்தைக் கணக்கிடுவது எளிது: குழாயின் குவியத் தூரத்தை வில்லையின் குவியத் தூரத்தால் வகுக்க வேண்டும். 25 மி.மீ. வில்லை நம் கருவியில் 36 மடங்கும், 10 மி.மீ. வில்லை 90 மடங்கும் தரும். 4 மி.மீ. வில்லையையும் உருப்பெருக்கத்தை மும்மடங்காக்கும் பார்லோ என்ற துணை வில்லையையும் சேர்த்துப் போட்டுப் பெட்டியின்மேல் ‘675 மடங்கு’ என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். கணக்குப்படி அது பொய்யில்லை. காட்சிப்படி முழுப் பொய். ஆடியின் விட்டத்தில் ஒரு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்பதே நல்ல இரவிலும் எட்டக்கூடிய மேல்வரம்பு. ஆகவே 114 மி.மீ. ஆடிக்குச் சுமார் 230 மடங்குக்கு மேல் சென்றால் பிம்பம் பெரிதாகுமேயன்றி அதில் புதிதாக ஒன்றும் புலப்படாது, இருந்த வெளிச்சமும் மங்கும். புதியவர் ஒவ்வோர் இரவையும் 25 மி.மீ. வில்லையில் தொடங்குவாராக. 36 மடங்கிலேயே குருவின் நான்கு பெரிய சந்திரர்களும் புள்ளிகளாக வரிசையிட்டு நிற்பதைக் காணலாம். 1610-இல் கலிலியோ கண்டது இதைவிடத் தாழ்ந்த கருவியில்தான்.

குவியம் படுத்தும் பாடு தனி. பக்கத்திலுள்ள குமிழைத் திருகும்போது வில்லையைத் தாங்கும் குழல் வெளியே வருவதும் உள்ளே போவதுமாக இருக்கும். அதன் முழு ஓட்டத்தையும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை மெல்ல மெல்லத் திருகிப் பார்க்க வேண்டும். தெளிவு கிடைக்கும் இடம் ஒரு மயிரிழை அகலமே உள்ளது, வேகமாகத் திருகினால் கண்ணில் படாமலே தாண்டிப் போய்விடும். இதைப் பழகச் சந்திரனைவிட உத்தமமான பொருள் கிடையாது. அதிலும் வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய நாட்களில், ஒளியும் நிழலும் சந்திக்கும் எல்லையில் மலைகளின் நிழல் நீண்டு விழும்போது, குவியம் சரியா தவறா என்பதைக் குழந்தையும் சொல்லிவிடும்.

நட்சத்திரத்தைப் பார்த்தபோது நடுவில் கறுப்புத் துளையுள்ள ஒரு பெரிய ஒளி வட்டம் தெரிந்தது என்று கூறி, அதைக் கிரகமென்றோ, ஆடியில் விழுந்த ஓட்டையென்றோ கருதுபவர் உண்டு. ஓர் உளுந்து வடையின் வடிவத்தில் தெரியும் அந்தக் காட்சி, குவியம் தவறிய நட்சத்திரமேயாகும். நடுவிலுள்ள கறுப்பு, ஒளியின் பாதையில் குறுக்கே நிற்கும் சிறு ஆடியின் நிழல். குமிழைத் திருகத் திருக வட்டம் சுருங்கி ஒரு புள்ளியாகும். புள்ளி எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. குவியம் சரியாக இருந்தால், எந்த நட்சத்திரமும் இத்தகைய தொலைநோக்கியில் வட்டமாக விரியாது. குழல் முழுவதும் உள்ளே போயும் அல்லது முழுவதும் வெளியே வந்தும் தெளிவு கிட்டவில்லையென்றால், பார்லோவை அனாவசியமாகப் போட்டிருக்கிறீர்களா, அல்லது கருவியோடு வந்த நீட்சிக் குழலைப் போடாமல் விட்டீர்களா என்று பாருங்கள். இவ்விரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

காற்றைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ஆடியின்மேல் சுமத்தப்படும் பழிகளில் பாதி காற்றுக்குரியவை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த கான்கிரீட் தளம் முன்னிரவு முழுவதும் அந்த உஷ்ணத்தைக் கக்கிக்கொண்டிருக்கும். அதன்மேல் எழும் வெப்பக் காற்றின் வழியே பார்த்தால் குரு ஓடையடிக் கூழாங்கல்லைப் போல் நெளியும். மண்தரையும் புல்லும் உள்ள கொல்லைப்புறம், மரங்கள் மறைக்காவிட்டால், மாடியைவிட மேலானது. மாடிதான் கதி என்றால் இரவு பத்து மணிக்குமேல் ஏறுங்கள். அடிவானத்தருகே உள்ள கிரகத்தை விட்டு உச்சிக்கு ஏறியதைப் பாருங்கள், தடித்த காற்றுப்படலத்தின் உபத்திரவம் குறையும். வெறுங்கண்ணுக்கே நட்சத்திரங்கள் கண் சிமிட்டுகிற இரவில் அதிக உருப்பெருக்கத்தை நாடாதீர்கள். குளிர்சாதன அறையில் வைத்திருந்த கருவியைச் சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக் காற்றில் கொண்டுவந்து திறந்தால், ஆடியும் வில்லையும் உடனே வியர்த்துவிடும். துடைக்காதீர்கள், அரை மணி முதல் ஒரு மணி நேரம்வரை வெளியே வைத்தால் கண்ணாடியும் காற்றும் ஒரே உஷ்ண நிலைக்கு வந்து ஈரம் தானே காயும்.

தாங்கியின் விஷயத்தில் நம்மவர்களுக்கு ஒரு தனிக் கஷ்டம் இருக்கிறது. ஈக்குவடோரியல் எனப்படும் தாங்கியில் ஓர் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்க வேண்டும். அப்படி நின்றால், பூமி சுழல்வதால் மேற்கே நகரும் நட்சத்திரத்தை ஒரே குமிழைத் திருகித் தொடர்ந்துகொண்டிருக்கலாம். தொடராவிட்டால் 90 மடங்கில் ஒரு நட்சத்திரம் இரண்டு நிமிஷத்துக்குச் சற்று மேற்பட்ட நேரத்தில் பார்வைப் பரப்பைக் கடந்து மறைந்துவிடும். அதைக் கண்டு கருவி தானாக நழுவுகிறது என்று முறையிடுவோரும் உண்டு. அந்த அச்சை உங்கள் ஊரின் அட்சாம்சத்துக்குச் சமமான கோணத்தில் வடக்கே சாய்க்க வேண்டும்: சென்னைக்கு 13 டிகிரி, திருச்சிக்கு ஏறக்குறைய 11, மதுரைக்கு 10, நாகர்கோவிலுக்கு 8. யாழ்ப்பாணமும் மதுரையைப் போன்றதே. துருவ நட்சத்திரம் நம் ஆகாயத்தில் இதே உயரத்தில், அதாவது தென்னந்தோப்புக்கும் தெருவிளக்கின் புகைமூட்டத்துக்கும் நடுவே, தெரிந்தும் தெரியாமலும் இருக்கிறது. ஐரோப்பியக் கையேடுகள் அதைப் பார்த்து அச்சை நிறுத்தச் சொல்வது நமக்கு அவ்வளவாக உதவாது. சாதாரணக் காந்த ஊசியே போதும். நம் பக்கத்தில் ஊசி காட்டும் வடக்குக்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேற்றுமை இரண்டு டிகிரிக்கு உட்பட்டது, கண்ணால் பார்ப்பதற்கு அது பொருட்டல்ல.

அச்சு இவ்வளவு தாழ்வாகச் சாயும்போது எதிர்ப்பாரத் தண்டு சில நிலைகளில் நேர்கீழாகத் தொங்கி முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். அப்படி இடித்தால், முக்காலியைத் திருப்பி, இரண்டு கால்களுக்கு இடைப்பட்ட வெளி வடக்கை நோக்கும்படி வையுங்கள். சில தாங்கிகளின் சாய்வுத் திருகு பத்து டிகிரிவரை இறங்குவதேயில்லை. அவற்றுக்கு வடபுறக் கால்களைச் சற்றுக் குறுக்கிக் குறையை ஈடுசெய்யலாம், ஆனால் பாரம் முன்னே சரிந்து கருவி கவிழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ளவர்களின் இந்தச் சங்கடம் பெரிய வானாய்வு நிலையங்களுக்கும் புதிதல்ல. ஜவ்வாது மலையில் காவலூரில் 1986 முதல் இயங்கிவரும் 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கு, தாழ்ந்த அட்சாம்சத்துக்குப் பொருந்தும்படி, குதிரைலாட வடிவமுள்ள தாங்கியை அமைத்திருக்கிறார்கள்.

இத்தனை வில்லங்கமும் வேண்டாமென்பவருக்கு டாப்ஸோனியன் தாங்கி இருக்கிறது. சான்பிரான்சிஸ்கோவில் வேதாந்த மடத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் துறவியாக வாழ்ந்த ஜான் டாப்ஸன் பிரபலமாக்கிய, மரப்பலகையாலான எளிய பெட்டி அது. மேலும் கீழும், இடமும் வலமும் தள்ளினால் நகரும். அட்சாம்சமும் வேண்டாம், வடக்கும் வேண்டாம். இன்னும் கருவி வாங்காதவர் கேட்டால் அதையே வாங்கச் சொல்வேன்.

கடைசியாக ஆடிகளின் சீரமைப்பு. மேற்சொன்ன யாவற்றையும் சோதித்த பிறகும், அமைதியான காற்றில், உயரமாக உள்ள நட்சத்திரம் ஒரு பக்கம் வால் முளைத்தாற்போல் தெரிந்தால் மட்டும் இதில் இறங்குங்கள். முதலில் குழாயின் நீளத்தைக் கவனியுங்கள். குவியத் தூரம் 1000 மி.மீ. என்று எழுதியிருந்தும் குழாய் அதில் பாதியளவே நீளமாக இருந்தால், வில்லை தாங்கும் குழலுக்குள் ஒரு திருத்து வில்லையைப் பொருத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். இங்கே சொல்லும் முறை அதற்குப் பொருந்தாது. நமது 900 மி.மீ. கருவியின் குழாய் அதற்கேற்ற நீளமுடையது, ஆகவே கவலையில்லை. குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் இதற்கு ஏறக்குறைய 8 வருகிறது. இந்த எண் பெரிதாக உள்ள கருவி ஆடி சிறிது பிசகினாலும் பொறுத்துக்கொள்ளும். 5 அல்லது 4 என்று குறைந்தால் பொறுமையும் வெகு விரைவில் குறைந்துவிடும்.

வேண்டிய சாதனம் ஒன்றே. பழைய 35 மி.மீ. ஃபிலிம் சுருள் வந்த கறுப்பு டப்பா வில்லைக் குழலில் ஏறக்குறையச் சரியாக அமையும். அதன் மூடியின் நட்டநடுவில் ஒரு சிறு துளையிட்டு, அடியை வெட்டி எடுத்துவிட்டால் பார்வைத் துளை தயார். டப்பா அகப்படாதவர் சீரமைப்புக்கென்று விற்கும் மூடியை வாங்கலாம். பகலில், வெளிச்சமான சுவரை நோக்கிக் குழாயைக் கிடைமட்டமாகப் படுக்க வையுங்கள். ஸ்க்ரூ டிரைவர் கைதவறினால் ஆடியின்மேல் விழாமல் இருப்பதற்கு இதுவே காப்பு. குழாயை நிமிர்த்தி வைத்துக்கொண்டு வாயருகே திருகுவது அறிவீனம்.

துளை வழியே பாருங்கள். முதலில் கண்ணில் படுவது சிறு ஆடியின் விளிம்பு. அது குழலின் வட்டத்துக்குள் நடுவில், வட்டமாகத் தெரிய வேண்டும். அடுத்து, அந்தச் சிறு ஆடியில் பிரதிபலிக்கும் பெரிய ஆடியைப் பாருங்கள். அதைப் பிடித்திருக்கும் மூன்று கவ்விகளும் சமமாகத் தெரிகின்றனவா? ஒன்று மறைந்திருந்தால் சிறு ஆடியின் முதுகிலுள்ள மூன்று சிறிய திருகாணிகளைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகி, மூன்றும் தெரியச் செய்யுங்கள். ஒன்றைத் தளர்த்தினால் மற்றொன்றை அதே அளவு இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆடி ஆடும். அதன் பின்னரே பெரிய ஆடிக்குப் போக வேண்டும். குழாயின் அடியில் உள்ள மூன்று ஜோடித் திருகாணிகளில், ஜோடிக்கு ஒன்று பூட்டு, மற்றது சாய்ப்பது. பூட்டுகளைத் தளர்த்திவிட்டு, சாய்க்கும் திருகாணிகளை ஒவ்வொன்றாக மிகக் கொஞ்சம் திருப்பினால், துளையின் பிம்பம் மெல்ல நகர்வதைக் காணலாம். பெரிய ஆடியின் மையத்தில் சில உற்பத்தியாளர் ஒரு சிறு வளையம் ஒட்டியிருப்பார்கள். துளையின் பிம்பம் அந்த வளையத்துக்குள் வந்து அமர்ந்தால் வேலை முடிந்தது. வளையம் இல்லையென்றால், சிறு ஆடியின் நிழலுருவம் பெரிய ஆடியின் நடுவே அமைவதைக் கொண்டு தீர்மானிக்கலாம். ஒருவர் துளையில் பார்க்க, வீட்டில் இன்னொருவர் அடியில் நின்று சொன்னபடி திருகினால் அரை மணி வேலை கால்மணியாகும்.

இரவில் இதற்குச் சாட்சி சொல்ல நட்சத்திரத்தை அழையுங்கள். உயரமாக உள்ள நடுத்தரப் பிரகாசமுள்ள ஒன்றைப் பரப்பின் மத்தியில் வைத்து, 10 மி.மீ. வில்லையில் குவியத்தைச் சிறிதே கலைத்தால், ஒன்றனுள் ஒன்றாக நுண்ணிய வளையங்கள் தெரியும். நடுக்கறுப்பு எல்லா வளையங்களுக்கும் மையமாக நின்றால் ஆடிகள் இணங்கிவிட்டன. ஒரு பக்கம் ஒதுங்கியிருந்தால், வளையங்கள் ஒத்த மையத்தோடு தெரியும் இடம் பரப்பில் எங்கிருக்கிறதோ அங்கே குழாயை அசைத்து நட்சத்திரத்தைக் கொண்டுபோய், பிறகு பெரிய ஆடியின் திருகாணிகளால் அதை மத்திக்குத் திரும்பக் கொண்டுவாருங்கள். ஒரு தடவையில் சரிப்படாது. மீண்டும் மீண்டும் செய்யச் செய்ய நெருங்கும். முடிவில் பூட்டுகளை மெல்ல இறுக்குங்கள். அழுத்தி இறுக்கினால் ஆடி மறுபடி சாயும்.

ஆடியில் தூசி படிந்திருப்பது கண்டு யாரும் துணி எடுக்க வேண்டாம். அதன் மேற்பூச்சு மிக மெல்லிய அலுமினியப் படலம். ஒரு முறை தேய்த்ததில் விழும் கீறல் ஒரு வருஷத்துத் தூசியைவிட அதிகக் கேட்டைச் செய்யும். நம் ஈரமான சீதோஷ்ணத்தில் அஞ்ச வேண்டியது பூஞ்சைக்கே. மழை மாதங்களில் வில்லைகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

இவ்வளவும் செய்து, அமைதியான பல இரவுகளில் பார்த்தும், நட்சத்திரம் புள்ளியாகச் சுருங்க மறுத்தால், அப்போது கருவியில் குற்றம் என்று துணிந்து சொல்லலாம். உத்தரவாதக் காலம் முடிவதற்குள் வாங்கிய கடைக்கே அதைத் திருப்பிக் கொண்டுபோங்கள். ஆடியைக் கழற்றிப் பார்த்த குழாயைத் திரும்ப வாங்கிக்கொள்ள எந்தக் கடைக்காரரும் முன்வரமாட்டார். ஆகையால் அதுவரை ஆடியைக் குழாயிலிருந்து வெளியே எடுக்காதீர்கள்.